எலிக்காரரின் தொப்பி

இந்தச் செருப்பைத்தானே காலையில் செத்த பாம்பு என்றேன். பக்கத்தில் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. டயரை வெட்டிச் செய்ததுதான், ஆனாலும் ஓரமெல்லாம் பிசிறில்லாமல் சீவியிருக்கிறது. செருப்போடு விட்டேனா? தொப்பியை வேறு பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். கடவுளே, தலையில்.

கைகழுவும் தண்ணீர்க் கிண்ணத்தை ஏந்தி மண்டியிட்டிருந்த லோம்பேக்கு விருந்தாளியின் பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன. அதற்கு மேல் பார்க்கக் கூடாது. கணவனின் அண்ணன் முகத்தைத் தம்பி மனைவி நிமிர்ந்து பார்ப்பதில்லை, நேருக்கு நேர் பேசுவதில்லை என்பது அங்கோனி இனத்தின் மரியாதை. இத்தனை வருடம் ஓர் அங்கோனியோடு குடித்தனம் நடத்தியும் அந்த மரியாதையைக் காட்ட அவளுக்கு இதுவரை ஆள் கிடைக்கவில்லை. கிடைத்த முதல் நாளே எல்லாம் கெட்டுப்போயிற்று.

"தண்ணி சூடு போதுமான்னு அண்ணனைக் கேளுங்க," என்றாள் கணவனிடம்.

"பதமா இருக்குன்னு சொல்லு," என்றார் அண்ணன் ஒபதியா, தம்பியிடம்.

நடுவில் உட்கார்ந்திருந்த சகேயு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேர் பேசறதும் எனக்கு நல்லாக் கேக்குது. உங்களுக்குத்தான் காது அடைச்சிருக்கா?"

லோம்பே கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

ஒபதியா சனிக்கிழமை வருவதாகத்தான் சொல்லியனுப்பியிருந்தார். இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். லோம்பே வழக்கம்போல், செம்புச் சுரங்க ஊரான லுவான்ஷ்யாவின் பேருந்து நிலையத்தில் முன்கோயோ விற்றுக்கொண்டிருந்தாள். வேரை இடித்துச் சோளக் கஞ்சியில் ஊறவைத்து இறக்குகிற இனிப்பும் புளிப்புமான பானம் அது. கிழக்கிலிருந்து வந்த பேருந்திலிருந்து ஒரு கிழவர் இறங்கினார். காது மடலில் விரல் நுழையும் அளவு துளை. பழைய காலத்து அங்கோனி. பெம்பாவான அவளுக்கு அது போதும்.

பெம்பாக்களும் அங்கோனிகளும் ஒரு காலத்தில் வெட்டிக்கொண்டு செத்தவர்கள். சண்டை ஓய்ந்ததும் பகையைக் கேலியாக மாற்றிக்கொண்டார்கள். பெம்பா அங்கோனியை எலி தின்னி என்றும், அங்கோனி பெம்பாவைக் குரங்கு தின்னி என்றும் வாய்க்கு வந்தபடி ஏசலாம், கையில் இருப்பதைப் பிடுங்கலாம். கோபப்பட்டவன்தான் அபராதம் கட்ட வேண்டும். ஒருவன் செத்தால் அவனுக்குக் குழி வெட்டுகிறவனும் அந்த எதிரிதான், அதுவும் பிணத்தைக் கேலி செய்துகொண்டே வெட்டுவான்.

"வாங்க எலிக்காரரே," என்று அவள் கூவினாள். "பல்லிடுக்குல எலி வால் இருந்தா எடுத்துட்டுக் குடிங்க. என் குடுவை நாறிடும்."

கிழவர் கண் பளிச்சிட்டது. நெடுவழி வந்த களைப்பெல்லாம் எங்கோ போய்விட்டது. "குரங்கு திங்கறவ கையால தண்ணி குடிக்கறதே பாவம். இதுல விலை வேற சொல்றியா? எங்க தாத்தா துரத்தினப்ப உங்க தாத்தா போட்டுட்டு ஓடின பானைதானே இது?"

"ஓடினவரு யாருன்னு செருப்பைப் பாத்தாலே தெரியுது. செத்த பாம்பு ரெண்டைக் கால்ல கட்டிட்டு இல்ல ஓடி வந்திருக்கீங்க."

அவர் ஒரு குடுவையைக் குடித்தார். இன்னொன்றை நீட்டச் சொல்லி அதையும் குடித்தார். இரண்டாவது கொள்ளைப் பங்கு, அதற்குக் காசு கிடையாது என்றார். அவள் எட்டி அவர் தொப்பியைப் பறித்துத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். நிலையமே சிரித்தது. கிழவரும் பொக்கை வாய் தெரியச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, தோத்தேன். இந்த ஊர்ல மக்காமோ சகேயு வீடு எங்க இருக்குன்னு சொல்லு. நான் அவன் அண்ணன்," என்றார்.

தொப்பி இன்னும் அவள் தலையில்தான் இருந்தது.

வீடு வரும்வரை அவர் முன்னால் நடந்தார். வழி தெரியாத மனிதருக்குப் பின்னால் நடந்தபடியே வழி காட்டுவது எப்படி என்று அவள் அன்று கற்றுக்கொண்டாள். திருப்பம் வந்தபோதெல்லாம் இருமினாள்.

*

சகேயுவை அழைத்துப் போகத்தான் அண்ணன் வந்திருந்தார். சுரங்கத்தில் சகேயுவின் வேலை முடிந்துவிட்டது. மாதக் கடைசியில் கம்பெனி வீட்டைக் காலி செய்ய வேண்டும். வேலை முடிந்தவன் சொந்த நாட்டுக்குத் திரும்புவதுதான் எல்லோரும் செய்வது. அந்தத் தெருவில் அவரோடு நியாசாலாந்திலிருந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக இரும்புப் பெட்டியும் சைக்கிளுமாகப் பேருந்து ஏறிவிட்டார்கள். அந்த நாட்டுக்கு இப்போது மலாவி என்று பெயர். பெயர் மாறியதைச் சகேயு ரேடியோவில்தான் கேட்டார். "நான் கிளம்பின நாடே இப்ப இல்ல. திரும்பிப் போன்னா எங்கே போறது?" என்று அன்று சிரித்தார். அந்தச் சிரிப்பை லோம்பே பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள்.

சகேயு மீசை முளைக்கும் முன் நடந்தே வந்தவர். முதலில் உடைத்த தாதுக் கல்லை வண்டியில் அள்ளிப் போடும் வேலை. பிறகு முட்டுக் கொடுப்பவர்களோடு சேர்ந்தார். கூரைப் பாறை இறங்காமலிருக்க மரம் நிறுத்துகிற வேலை. அதில் கை பழகிவந்தபோது உலகச் சண்டை வந்தது. வெள்ளைக்கார அரசருக்காகச் சிப்பாயாகப் பதிந்துகொண்டார். கப்பலில் ஏற்றி இலங்கையில் பயிற்சி கொடுத்து, பர்மாவுக்கு அனுப்பினார்கள். அங்கே மழை, அட்டை, சேறு. இதற்கு மேல் அவர் சொன்னதில்லை. மிச்சத்தை எல்லாம் சொன்னது லோம்பேயின் அண்ணன் கம்பாம்பா. இருவரும் ஒரே பட்டாளத்தில் இருந்தவர்கள்.

தொடையில் குண்டு பாய்ந்த சகேயுவை முதுகில் சுமந்து கம்பாம்பா ஆறு கடந்தான். கதையைச் சொல்லும்போதெல்லாம் எழுந்து நின்று, முதுகை வளைத்துக் காட்டுவான். "நடு ஆத்துல நின்னுட்டேன். மேல எலி தின்னி, கீழ வெள்ளம். டேய், எலி ருசியா குரங்கு ருசியா, சொல்லுன்னேன். எலிங்கறான். ரத்தம் கொட்டுது, எலிங்கறான். நானும் நகரல. குரங்குன்னு வாயால சொன்ன பிறகுதான் கால் எடுத்து வெச்சேன்."

"மயக்கத்துல சொன்னது. செல்லாது," என்பார் சகேயு.

சண்டை முடிந்ததும் கம்பாம்பா அவரைத் தன் கிராமத்துக்குக் கூட்டிவந்து அம்மா முன்னால் நிறுத்தினான். "அம்மா, சண்டையில ஒருத்தனைப் பிடிச்சிட்டு வந்திருக்கேன்," என்றான். பெம்பா வழக்கப்படி மருமகனாக வருகிறவன் மாமியார் வீட்டில் வேலை செய்ய வேண்டும். மரத்தின் உச்சிக்கு ஏறிக் கிளைகளை வெட்டித் தள்ளி, அதை எரித்துச் சாம்பலில் விதைக்க வேண்டும். மண்ணுக்குள் எவ்வளவு ஆழமென்றாலும் இறங்கும் சகேயு, ஆள் உயரத்துக்கு மேல் மரம் ஏற மாட்டார். அடிமரத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். கம்பாம்பா மேலே ஏறி வெட்டினான். கீழே அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் லோம்பே அவரை முதல்முதலாகச் சரியாகப் பார்த்தாள். பெண்ணைக் கொடுங்கள் என்று அவர் கேட்கவில்லை. "நான்தான் பிடிபட்டவன். நீங்களா விட்டாத்தான் போவேன்," என்றார்.

மாடு கொடுத்துப் பெண் எடுப்பது அங்கோனி வழக்கம். பிடிபட்டவனிடம் மாடு ஏது? அப்படியே விட்டுப்போயிற்று. பிள்ளைகள் மூன்று பேரும் பெம்பா முறைப்படி அம்மாவின் குலமானார்கள். வீட்டில் அவர் அவளை எதிரி என்றுதான் கூப்பிடுவார். "எதிரி, சட்டை எங்கே? எதிரி, களி ஆறுது, வா." பட்டாளத்தில் கொடுத்த நட்சத்திரப் பதக்கத்தை அவரே முன்கோயோ பானை மூடும் துணியின் ஓரத்தில் பாரத்துக்காகத் தைத்துக் கொடுத்தார். "இப்பத்தான் இதுக்கு ஒரு வேலை கிடைச்சது," என்றார். ஈ ஒன்றும் உள்ளே போகாது.

*

சனிக்கிழமை அண்ணனை ஓடைக்கு அப்பால் இருக்கும் நிலத்தைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். அவளும் பின்னால் கூடையோடு போனாள். அங்கே சகேயு விடுமுறை நாட்களில் செங்கல் அறுத்து இரண்டு அறை வீடு ஒன்று கட்டியிருந்தார். சுற்றி நிலக்கடலை, பூசணிக்கொடி. கூரைக்குப் புல் மட்டும்தான் பாக்கி.

வீட்டின் வாசல் காலைப் பார்த்து ஒபதியா நின்றுவிட்டார். இரண்டு பக்கமும் இடுப்புப் பருமனில் மரம், மேலே குறுக்காக அதைவிடப் பருத்த மரம், இடுக்கில் ஆப்பு. சுரங்கத்தில் பாறையைத் தாங்க வைக்கும் அமைப்பு அப்படியே வாசலில் நின்றது.

"எதுக்குடா இவ்வளவு பெரிய மரம்?"

"கேளுங்க, நல்லாக் கேளுங்க," என்றான் அங்கே வந்திருந்த கம்பாம்பா. "புல்லுக் கூரைக்கு இவன் குடுத்திருக்கற முட்டுக் கட்டையைப் பாருங்க. வானம் இடிஞ்சு விழுந்தா ஊர்ல இவன் ஒருத்தன்தான் மிஞ்சுவான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "தொப்பி அழகா இருக்கு அண்ணே. பேருந்து நிலையத்துல எல்லாரும் அதே பேச்சா இருக்காங்க," என்றான்.

ஒபதியா தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். லோம்பே பூசணி இலை பறிப்பதில் மும்முரமானாள்.

சகேயு பெருமூச்சோடு வாசல் மரத்தை விரல் முட்டியால் தட்டினார். எங்கே போனாலும் அவர் அப்படித்தான். கோவில் தூணைத் தட்டுவார், மகன் வீட்டுக் கட்டிலைத் தட்டுவார். உள்ளுக்குள் சொத்தை விழுந்த மரம் ஒலியிலேயே சொல்லிவிடுமாம். நம்பிக்கையில்லாத மரத்தைத் தட்டுவார், ஒலி சரியாக வந்தபின் அதை மறந்துவிடுவார்.

"நல்ல வீடுதான்," என்றார் ஒபதியா. "இதை யாருக்காவது குடுத்துட்டு வா. என் பசங்க மூணு பேரும் ஜோகன்னஸ்பர்க் போனவங்க, திரும்பல. அப்பா தொழுவத்துக்கு ஆம்பளை ஆள் வேணும். எனக்கு முட்டி மடங்கல தம்பி. கன்னுக்குட்டி ஓடினா நின்னு வேடிக்கைதான் பாக்கறேன்."

அதில் அதட்டல் இல்லை. அதனால்தான் லோம்பேக்கு அது வலித்தது. கெட்ட மனிதராக இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

"நீங்க சொன்னா சரிண்ணே," என்றார் சகேயு.

அவ்வளவுதான். இடிந்த சுரங்கத்தில் கையால் மண் தள்ளி ஆட்களை மீட்டவர், குண்டுக்கு நடுவே நடந்தவர், அண்ணன் முன்னால் வேறு வார்த்தை தெரியாமல் நின்றார். அங்கோனி வீட்டில் தம்பி அண்ணனுக்கு இல்லை என்று சொல்வதில்லை. அந்தச் சொல்லே அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை.

திரும்பும்போது ஓடையருகே அண்ணனை முன்னால் போகவிட்டு அவள் கேட்டாள். "உங்களுக்குப் போகணுமா?"

"அண்ணன் சொல்றாரு."

"அவர் சொன்னது எனக்கும் கேட்டுது. நான் கேட்டது வேற."

அவர் ஓடைப் பக்கம் திரும்பினார். "தொழுவம் இருக்கும். விடியக்காலைல அந்த வாசனை நல்லா இருக்கும்." பிறகு, "அந்தக் கூரைக்குப் புல் அடுத்த வாரம் அறுக்கலாம்னு இருந்தேன்," என்றார்.

இரண்டில் எது பதில் என்று அவர் சொல்லவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. நீங்கள் தட்டிப் பார்க்கும் மரமா நான், எந்தப் பக்கம் என்ன ஒலி வருகிறது என்று காது வைத்துக்கொண்டு நிற்க? கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, அதுதான் அவளைத் தொந்தரவு செய்தது. போகக் கூடாது என்று நினைப்பது அவருக்காகவா, தனக்காகவா? அங்கே மொழி வேறு. மாமனார் பெயரில் வரும் எழுத்தைக்கூட வாயில் வைக்கக் கூடாது என்பார்கள். ஆயுள் முழுக்கப் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் பேருந்து நிலையம்? அங்கே யாரையும் நிமிர்ந்து பார்த்து, எலிக்காரரே என்று கூப்பிட்டு, ஒரு வார்த்தைக்கு இரண்டாக வாங்கிக்கொண்டு, மாலையில் வெறும் பானையோடு வீடு வருகிற சுகம்? அது தனக்கு இவ்வளவு பெரிய சொத்து என்று அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்து, கோழியும் களியும் நிலக்கடலை போட்ட கீரையும் சாப்பிட்டான பிறகு, ஒபதியா மாமரத்தடியில் நாற்காலி போடச் சொன்னார். கம்பாம்பாவையும் வரச் சொன்னார். லோம்பே பாயில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஒபதியா பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்துத் தம்பி காலடியில் வைத்தார். மாட்டுத்தோலைத் திரித்தது. கை பட்டுப் பட்டுப் பளபளத்தது.

"இது அப்பா திரிச்சது. இந்தக் கயித்துல நின்ன பசுவோட வம்சம் இன்னும் தொழுவத்துல இருக்கு. அதை மச்சான் கம்பாம்பா பேருக்கு ஒதுக்கிட்டேன். நாங்க இத்தனை வருஷம் சும்மா இருந்தது தப்பு. மாடு குடுக்காம ஒரு பொண்ணை வெச்சிருக்கோம்னு ஊர்ல பேச்சு. அந்தப் பொண்ணு இந்தக் கயித்தைக் கையால எடுத்து அதோட அண்ணன்கிட்ட குடுக்கட்டும். அதோட மக்காமோ வீட்டு மருமக. பசங்களும் பேரப் பசங்களும் எங்க குலம். பிறகு எல்லாரும் சேர்ந்து நம்ம ஊருக்குப் போகலாம்." கொஞ்சம் நிறுத்தி, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "அதுக்கு முன்னால நடந்தது எதுவும் நடந்ததா இருக்காது."

கயிறு அழகாக இருந்தது. லோம்பே அதை இல்லையென்று சொல்ல மாட்டாள். தெருவில் பெண்கள் சண்டையில் வாயை விடும்போது, 'சும்மா வந்தவ' என்று ஒரு தடவை ஒருத்தி சொன்னது இன்றும் காதில் இருந்தது. இந்தக் கயிற்றை எடுத்தால் அந்தச் சொல் செத்துப்போகும். அவளுக்கென்று பசுக்கள் நிற்கும். இறந்தால் தொழுவத்துக்குப் பின்னால், பெரியவர்களோடு புதைப்பார்கள்.

"மாட்டை நான் எங்க மேய்க்கறது, தண்டவாளத்துலயா?" என்றான் கம்பாம்பா. ஆனால் கண் கயிற்றின் மேல் இருந்தது. "இவனை முதுகுல தூக்கினதுக்கு யாராவது எதையாவது குடுக்கணும்தான், நியாயம். ஆனா கை நீட்ட வேண்டியது அவ. எடுத்தா எனக்குச் சம்மதம். எடுக்கலேன்னாலும் சம்மதம்."

"உன்னை யாரு கேட்டா, குரங்கே," என்று சகேயு முணுமுணுத்தார்.

அப்போது அவளுக்கு ஒரு சின்னச் சத்தம் கேட்டது. சகேயு தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் காலை விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தார். தட்டி, நிறுத்தி, மறுபடி தட்டினார். தான் தட்டுவது அவருக்கே தெரியாது. பல வருடமாக அவர் உட்காரும் நாற்காலி அது, அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. அவர் நம்பாதது காலடியில் கிடந்த கயிற்றை.

அவள் மனதில் இருந்த கோபம் மெல்ல இறங்கியது. அவருக்குக் கொடுக்கப்படாத சொல் தன்னிடம் இருக்கிறது. அதுவும் புதிதாகச் சம்பாதித்ததல்ல, பெம்பாவாகப் பிறந்தபோதே கையில் வந்தது. தனக்காகவா அவருக்காகவா என்று பிரித்துப் பார்த்து என்ன செய்யப்போகிறாள்? ஒரே பானைத் தண்ணீர்.

"எலிக்காரரே," என்றாள்.

தட்டும் சத்தம் நின்றது. இந்த முறை அவள் கணவன் மூலம் சொல்லச் சொல்லவில்லை. நேராகவே பேசினாள், கையில் குடுவை நீட்டும்போது பேசுவது போன்ற சாதாரணக் குரலில்.

"உங்க தம்பி சண்டையில பிடிபட்டவரு. பிடிச்சவங்களைத் திருப்பித் தர்றது எங்க பக்கத்துல வழக்கமில்ல. முட்டி வலிச்சா நீங்க இங்க வந்திருங்க, ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னொரு அறை போடலாம். அந்த வாசல் உங்களையும் தாங்கும்." அவள் மூச்சு வாங்கினாள். "இந்தக் கயித்தை எடுத்தா நான் உங்க தம்பி பொண்டாட்டி. அப்புறம் உங்களைப் பாக்கவே முடியாது. எடுக்காத வரைக்கும் நான் வெறும் எதிரி. தொப்பியைப் பிடுங்கலாம், நீங்க கோபப்பட முடியாது. எனக்கு அதுதான் வேணும். கயிறு மாட்டுக்கிட்டயே இருக்கட்டும்."

கைகள் மடியிலேயே இருந்தன. லோம்பே தலையை நிமிர்த்தி, பாதங்களை விட்டு, ஒபதியாவின் முகத்தைப் பார்த்தாள்.